புனித நாட்டுக்குக் குழுவோடு போகிறீர்களா? முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் முறை நான் எருசலேமுக்குப் போனபோது கெத்செமனேயில் எங்கள் குழுவுக்குக் கிடைத்தது 20 நிமிடம். பாதி நேரம் கழிப்பறை வரிசையில் போயிற்று. மீதி நேரம் குழுப் படம் எடுப்பதில் போயிற்று. பேருந்து கிளம்பியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு அம்மா, "கெத்செமனே தோட்டத்துக்கு எப்போ போவோம் தம்பி?" என்று கேட்டார். நாங்கள் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தோம். வருடக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வந்தவர் அவர். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை குழுவோடு போயிருக்கிறேன், ஒரு முறை அழைத்துப் போகும் பொறுப்பிலேயே. அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழுவைத் தேர்ந்தெடுப்பது

பயண விளம்பரங்களில் இடங்களின் பெயர்கள் கண்ணைப் பறிக்கும். நாற்பது பெயர், ஐம்பது பெயர் இருக்கும். அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த ஊரில் எத்தனை இரவு தங்குகிறார்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் குழுக்கள் பலவும் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து மூன்றையும் பத்து நாளில் சுற்றி வருகின்றன. விமானத்தில் இரண்டு நாள் போகும். எல்லைச் சாவடிகளில் நிற்பதிலும் அவற்றுக்குப் போய்ச் சேர்வதிலும் இன்னும் இரண்டு நாள் கரையும். மிச்சம் ஆறு நாளில் மூன்று நாடுகள். கலிலேயாவில் 2 இரவும், எருசலேமிலோ பெத்லகேமிலோ 3 இரவும் இல்லாத திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முதல் முறை போகிறவருக்கு எகிப்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

எகிப்து வேண்டும் என்று சொல்கிறவர்களில் பலர் சீனாய் மலையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மலை 2,285 மீட்டர் உயரம். சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்க, நள்ளிரவு தாண்டியதும் ஏறத் தொடங்குவார்கள். ஒட்டகம் ஒரு கட்டம் வரைதான் ஏறும். அதற்கு மேல் ஏறக்குறைய 750 கற்படிகள் சொந்தக் காலில். குளிர்காலத்தில் ஊட்டிக் குளிரைவிடக் கடுமையாக இருக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் கீழேயே தங்கி, காலையில் புனித கத்தரீனா மடாலயத்தைப் பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசன் கட்டிய மடம் அது. கிரேக்க வேதாகமத்தின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்றான சீனாய்ப் பிரதி அங்கிருந்துதான் வெளியுலகுக்கு வந்தது.

அடுத்து, குழு எப்படி ஆராதிக்கும் குழு என்று பாருங்கள். கத்தோலிக்கக் குழு என்றால் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஓர் ஆலயத்தில் திருப்பலிக்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் எருசலேமிலுள்ள தோட்டக் கல்லறையில் திருவிருந்து எடுக்க விரும்புவார்கள். பெந்தெகொஸ்தே குழுவில் யோர்தான் ஞானஸ்நானம் பெரிய நிகழ்ச்சியாக இருக்கும். யாரோடும் போகலாம், ஆனால் தெரிந்து போக வேண்டும். பத்து நாள் ஒரே பேருந்தில் இருக்கப் போகிறீர்கள்.

பணம் கட்டும் முன் பயண முகவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. தங்கும் விடுதிகளின் பெயரும் ஊரும். எந்த விமானம், எங்கே மாறுகிறோம், மாறும் இடத்தில் எத்தனை மணி நேரம். மதிய உணவு கட்டணத்தில் அடங்குமா. வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்கும் அன்பளிப்புத் தொகை தனியா. விசா மறுக்கப்பட்டாலோ சண்டை மூண்டு பயணம் நின்றாலோ எவ்வளவு திரும்பக் கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால் வேறு முகவரைப் பாருங்கள். இத்தனை பேரைச் சேர்த்தால் அழைத்துப் போகும் போதகருக்கு ஒரு இருக்கை இலவசம் என்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதில் தவறில்லை. அவர் ஏற்கெனவே அங்கே போயிருக்கிறாரா என்று கேட்பது அதைவிட முக்கியம். இஸ்ரேலில் உரிமம் பெற்ற வழிகாட்டி கூட வருவார், ஆங்கிலத்தில் பேசுவார். அவர் சொல்வதை அந்த இடத்திலேயே தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் பாதிக் குழு வேடிக்கைதான் பார்க்கும்.

கட்டணத்தோடு டி.சி.எஸ். என்று, பணம் கட்டும்போதே வசூலிக்கும் ஒரு வரியையும் பிடிப்பார்கள். ரசீதை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கணக்கில் காட்டலாம்.

நாட்டு நிலவரம்

2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு பெத்லகேமிலும் எருசலேமிலும் யாத்திரிகர் கூட்டம் அப்படியே வற்றிப்போனது. 2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சண்டை மூண்டபோது வான்வழியையே மூடினார்கள். ஆகவே பதிவு செய்யும்போது ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை, இந்திய வெளியுறவு அமைச்சகமும் டெல் அவீவில் உள்ள நம் தூதரகமும் என்ன அறிவித்திருக்கின்றன என்று நீங்களே பாருங்கள். முகவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். போக வேண்டாம் என்று அறிவிப்பு இருக்கும்போது போனால் பயணக் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம்.

அப்படிப்பட்ட காலத்தில் காத்திருக்க முடியாதவர்களுக்கு வேறு வேதாகம வழிகளும் இருக்கின்றன. துருக்கியில் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகள் இருந்த ஊர்களையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். எபேசுவின் அரங்கத்தில் நின்று அப்போஸ்தலர் 19-ஐ வாசித்தால், "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டு மணி நேரம் கத்திய கூட்டம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று புரியும். ஏறக்குறைய 25,000 பேர் உட்காரும் அரங்கம் அது. அந்த ஏழில் ஒன்றான லவோதிக்கேயாவிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் படிந்து உண்டாக்கிய வெள்ளைச் சரிவு தெரியும். வெதுவெதுப்பான சபை என்ற கண்டனத்தை அங்கே வாசிப்பது வேறொரு அனுபவம்.

காகிதங்கள்

பாஸ்போர்ட் திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். மூன்று நாட்டுக்கும் விசா வேண்டும். குழுவாகப் போகும்போது முகவரே எடுத்துக்கொடுப்பார். பெயரில் தந்தை பெயர், முன்னெழுத்து குழப்பம் இருந்தால் விமானச் சீட்டு எடுக்கும் முன்பே சரிசெய்யுங்கள். நம்மவர்களுக்கு அடிக்கடி சிக்கல் வருவது இங்கேதான்.

இஸ்ரேலுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அதற்குப் பதில் சிறிய சீட்டு ஒன்றைத் தருவார்கள். விடுதியில் அதைக் கேட்பார்கள், வழியில் சோதனைச் சாவடியிலும் கேட்கலாம். அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்திருங்கள்.

எல்லையில் கேள்விகள் கேட்பார்கள். பெட்டியை யார் அடுக்கினார்கள், யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா, எந்தச் சபை, குழுத் தலைவர் யார், எங்கெங்கே போகிறீர்கள். இளவயதில் தனியாக வருகிறவர்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், ஏனென்றால் யாத்திரை விசாவில் வந்து வேலைக்குத் தங்கிவிட்டவர்கள் உண்டு. பதற வேண்டாம். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். விளையாட்டாக எதையும் சொல்ல வேண்டாம். ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கு அருகில் ஒருவரை நிறுத்துங்கள்; போகிற இடங்களின் பெயரையும் போதகர் பெயரையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

உடம்பும் பெட்டியும்

எருசலேம் கால்நடையாகப் பார்க்கும் ஊர். அதுவும் சமதளம் கிடையாது. பழைய நகரத் தெருக்கள் முழுவதும் படிகள். தேய்ந்து வழவழத்த சுண்ணாம்புக் கற்கள் மழை பெய்தால் வழுக்கும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் நடங்கள். முதலில் 2 கிலோமீட்டர், போகப் போக 5 கிலோமீட்டர். போட்டுப் போகப் போகும் அதே காலணியில் நடங்கள். பயணத்துக்கென்று புதுக் காலணி வாங்கி அங்கே போய்ப் போட்டவர்கள் மூன்றாம் நாள் செருப்போடு நொண்டியதைப் பார்த்திருக்கிறேன். சேலை கட்டுகிறவர்கள் கணுக்கால் தெரியும் உயரத்துக்குக் கட்டி, ஓடுகாலணி போட்டுக்கொள்வதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒரே நாளில் பல பருவங்கள் வரும். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே 250 மீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டர் இறங்குகிறோம், காது அடைக்கும். நல்ல சமாரியன் உவமையில் வரும் வழி இந்த வறண்ட மலை இறக்கம்தான். டிசம்பர், ஜனவரியில் எருசலேமில் கம்பளிச் சட்டை வேண்டும், கீழே எரிகோவில் அதைக் கழற்றிவிட வேண்டும். நம்மூர்ப் பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் கிளம்பும் குழுக்கள் சவக்கடல் பக்கம் நன்றாக வாடிப்போகும். மார்ச், ஏப்ரல், அக்டோபர் பாதிக்குப் பிறகு, நவம்பர் ஆகியவை நல்ல மாதங்கள். யூதர்களின் பஸ்கா, கூடாரப் பண்டிகை நாட்களில் கூட்டம் நெரியும். பாவநிவாரண நாளில் விமான நிலையம் உட்பட நாடே மூடிக்கிடக்கும். தேதி முடிவாவதற்கு முன் இந்த நாட்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மருந்துகளை மொத்த நாட்களுக்கும் கூடுதலாக நான்கு நாளுக்கும் எடுத்து, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சீட்டு கட்டாயம். சர்க்கரை நோயாளிகள் கையில் எப்போதும் தின்ன ஏதாவது இருக்கட்டும். எல்லையில் மதிய உணவு மூன்று மணிக்கும் கிடைக்கலாம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை எல்லா ஆலயங்களுக்கும் தேவை. யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவரில் ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி ஒன்று போதும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. இஸ்ரேல் விடுதிகளில் பல யூத உணவு முறைப்படி நடப்பவை. இறைச்சி பரிமாறும் இரவு உணவில் பால் இருக்காது. காபிக்கும் பால் தர மாட்டார்கள். "ஒரு டம்ளர் பால் கொடுக்க மனசில்லையா" என்று நம் பெரியவர்கள் வருந்துவார்கள். அது மனக்குறை இல்லை, வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்க வேண்டாம் என்ற யாத்திராகமக் கட்டளை. பால்பொடியும் சின்ன மின்கெண்டியும் கொண்டுபோய் அறையில் காபி போட்டுக்கொள்ளுங்கள். உணவுக்கூடத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். ஊறுகாய், பருப்புப்பொடி கொஞ்சம் இருந்தால் போதும்.

வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி மாலை வரை ஓய்வுநாள். யூதப் பகுதிகளில் கடைகள் மூடியிருக்கும். விடுதியில் ஒரு மின்தூக்கி யாரும் பொத்தானை அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும். தெரியாமல் அதில் ஏறிவிட்டுப் பழுது என்று பயப்பட வேண்டாம்.

அமெரிக்க டாலரில் சிறு நோட்டுகளாக எடுத்துப்போனால் மூன்று நாட்டிலும் ஓரளவு செல்லும். மீதிக்கு இஸ்ரேலில் ஷெக்கேல், ஜோர்டானில் தினார். தினார் டாலரைவிட மதிப்பு கூடியது என்பதை விலை பேசும்போது மறக்க வேண்டாம்.

கிளம்புமுன் வாசிப்பது

இருக்கிற வேலைகளில் இதுதான் பெரியது, பெரும்பாலும் யாரும் செய்யாததும் இதுதான். நான் பொறுப்பேற்ற குழுவில் மூன்று மாதம் முன்பே வாரம் ஒரு மாலை கூடினோம். இடங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேதபகுதியும் அதை அங்கே வாசிக்க ஒருவரையும் குறித்தோம். கப்பர்நகூமுக்கு மாற்கு 2, கலிலேயாக் கரைக்கு யோவான் 21, பெதஸ்தாவுக்கு யோவான் 5, சீலோவாமுக்கு யோவான் 9, ஒலிவமலை இறக்கத்துக்கு லூக்கா 19, கெத்செமனேக்கு மாற்கு 14. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சிறு புத்தகமாகக் கட்டினோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சி தன் பகுதியை மனப்பாடமாகவே சொன்னார். வழிகாட்டி பேசி முடித்ததும் ஐந்து நிமிடம் வாசிப்பு, அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருப்பது, கடைசியில்தான் படம் எடுப்பது. இந்த வரிசையை முதல் நாளிலேயே பழக்கிவிட்டால் பிறகு சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். எல்லா இடங்களும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. கலிலேயா கடல், கப்பர்நகூமின் இடிபாடுகள், பழைய யூத தேவாலயத்தின் தெற்குப் படிக்கட்டுகள், பெதஸ்தா குளம் ஆகியவற்றில் ஆய்வாளர்களுக்குப் பெரிய ஐயம் இல்லை. இயேசுவின் காலத்துச் சீலோவாம் குளத்தின் படிகள் 2004-இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது வெளிப்பட்டன. மலைப்பிரசங்க மலை, கானா ஊர், மேல்வீட்டறை போன்றவை பரம்பரையாக நினைவுகூரப்படும் இடங்கள். இப்போது மேல்வீட்டறை என்று காட்டும் கட்டடம் சிலுவைப் போர்க் காலப் பாணியில் உள்ளது. இதை முன்பே சொல்லாவிட்டால், அங்கே போய்த் தெரிந்துகொள்கிறவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். சொல்லிவிட்டால், நூற்றாண்டுகளாக விசுவாசிகள் முழங்காலிட்ட இடம் என்ற மதிப்போடு நிற்பார்கள்.

கலிலேயாவில்

கடல் என்று சொன்னாலும் 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரிதான். ஒரு கரையிலிருந்து மறு கரை தெரியும். படகில் ஏறியதும் சில படகோட்டிகள் பயணியரின் தேசியக் கொடியை ஏற்றித் தேசியகீதம் போடுவார்கள், பிறகு பாட்டும் ஆட்டமும். நடு ஏரியில் பத்து நிமிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி வழிகாட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் நிறுத்துவார்கள். தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டும் இருக்கும்போது மாற்கு 4-ஐ வாசியுங்கள்.

கரையில் கினோசாரில் ஒரு பழைய படகு இருக்கிறது. 1986-இல் ஏரி வற்றிய சமயத்தில் இரண்டு மீனவச் சகோதரர்கள் சேற்றில் கண்டெடுத்தது. இயேசுவின் காலத்தை ஒட்டியது, ஏறக்குறைய 8 மீட்டர் நீளம். கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அதை விட்டு நகரவே மாட்டார்கள். பலகைகளை எப்படி ஆப்பு அடித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று எங்கள் குழுவில் ஒரு மீனவர் விளக்கியதை வழிகாட்டியே நின்று கேட்டார். மதியம் "பேதுரு மீன்" என்று முழு மீனைப் பொரித்துத் தருவார்கள். நம் குளத்து ஜிலேபி மீனின் இனம்தான் அது.

கப்பர்நகூமில் நிற்கும் வெள்ளைக்கல் ஜெப ஆலயம் பிற்காலத்தது. அதன் அடியில் தெரியும் கறுப்புக் கல் அடித்தளத்தைத் தவறாமல் பாருங்கள். அருகில் பேதுருவின் வீடு என்று மிகப் பழங்காலத்திலிருந்தே போற்றப்படும் வீட்டின் சுவர்கள் உள்ளன. அங்கிருந்து ஜெப ஆலயத்துக்குச் சில அடிகள்தான். மாற்கு 1-இல் ஜெப ஆலயத்தை விட்டுப் புறப்பட்ட உடனே சீமோன் வீட்டுக்குப் போனார்கள் என்று வருவது ஏன் என்று அங்கே நின்றால் புரியும்.

யோர்தானும் சவக்கடலும்

ஞானஸ்நானம் பற்றிச் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஏற்கெனவே பெற்றவர் மறுபடி எடுக்கலாமா என்ற கேள்வியை ஆற்றங்கரையில் எழுப்பினால் குழு இரண்டாகிவிடும். ஊரிலேயே போதகரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீரைத் தெளித்துக்கொண்டு விசுவாச அறிக்கையைச் சேர்ந்து சொல்வது பல குழுக்கள் செய்வது. இறங்குகிறவர்கள் மாற்றுடை, துண்டு, பிளாஸ்டிக் பை கொண்டுபோங்கள். எரிகோவுக்கு அருகிலுள்ள இடத்தில் ஆறு நம்மூர் வாய்க்கால் அளவுதான், கலங்கலாக ஓடும். எதிர்க்கரை ஜோர்டான். அந்தப் பக்கமுள்ள ஞானஸ்நான இடமான அல்-மக்தாஸ் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சவக்கடல் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 440 மீட்டர். சாதாரணக் கடலைப்போல் பத்து மடங்கு உப்பு. முந்தின நாளும் அன்று காலையும் சவரம் செய்ய வேண்டாம். சின்னக் கீறலும் தீயாக எரியும். செருப்போடு இறங்கி, இடுப்பளவு வந்ததும் நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாயுங்கள், மிதப்பீர்கள். குப்புறப் படுக்கக் கூடாது, திரும்பி எழ முடியாமல் திணறுவீர்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீருக்குப் போங்கள். பத்து, பதினைந்து நிமிடம் போதும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கரையில் உட்கார்ந்து காலை நனைத்தால் போதும்.

பெத்லகேமில்

எருசலேமிலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆனால் பாலஸ்தீன நிர்வாகப் பகுதி. இஸ்ரேல் குடிமக்களான வழிகாட்டிகள் பொதுவாக உள்ளே வர முடியாது என்பதால் வழிகாட்டி மாறுவார். பிறப்பின் ஆலயத்தின் வாசல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம்தான். குனிந்துதான் போக வேண்டும். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். குகைக்குள் 14 முனை வெள்ளி நட்சத்திரத்தின் முன் ஒருவருக்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும், வரிசையோ மணிக்கணக்கில் நீளலாம். அந்த நேரத்தில் லூக்கா 2-ஐ அடுத்தடுத்து வாசித்துக்கொண்டே நகர்ந்தால் காத்திருப்பே ஆராதனையாகிவிடும்.

இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெத்லகேமில் வாழும் அரபுக் கிறிஸ்தவர்கள் ஆதிச் சபையின் வழிவந்தவர்கள். எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒலிவமரச் சிற்பங்கள்தான் அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. பேருந்து நிற்கும் பெரிய கடையில் மட்டும் வாங்காமல், ஆலயத்துக்கு அருகிலுள்ள சிறு பட்டறைகளிலும் வாங்குங்கள். ஞாயிறு அங்கே இருக்க நேர்ந்தால் அவர்களுடைய அரபு ஆராதனையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மொழி புரியாது. கர்த்தருடைய ஜெபம் சொல்லும் இடம் மட்டும் எப்படியோ புரிந்துவிடும்.

எருசலேமில்

ஒலிவமலையில் பேருந்திலிருந்து இறங்கி மேலிருந்து கீழாக நடப்பது வசதி. இறக்கம் செங்குத்து, கைத்தடி உதவும். படம் எடுக்கும் கூட்டத்தில் பணப்பை பத்திரம். மேலே 'கர்த்தருடைய ஜெபம்' ஆலயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அந்த ஜெபத்தைப் பீங்கான் ஓடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. வழிகாட்டியிடம் இடம் கேட்டுத் தேடிப்போய், அதன் முன் நின்று எல்லாரும் சத்தமாகச் சொல்லுங்கள். அங்கே குரல் உடையாமல் கடைசி வரி வரை சொல்லி முடித்த தமிழ்க் குழுவை நான் பார்த்ததில்லை.

கெத்செமனேக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். எட்டு பழைய ஒலிவமரங்கள் வேலிக்குள் நிற்கின்றன. தண்டுகளை ஆராய்ந்ததில் 12-ஆம் நூற்றாண்டு வரை போகும் வயது தெரியவந்தது. 1924-இல் திறக்கப்பட்ட சகல தேசத்தாரின் ஆலயத்துக்குள் எப்போதும் அந்திநேர வெளிச்சம்தான். சன்னல்களை அப்படி ஊதாநிறத்தில் வைத்திருக்கிறார்கள். பேச வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும்.

பெதஸ்தா குளத்தை ஒட்டிய புனித அன்னாள் ஆலயம் சிலுவைப் போர்க் காலத்தில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் கல் சுவர்கள் பாட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தரும். வேகமான பாட்டு அங்கே குழம்பிவிடும். நீட்டிப் பாடும் பழைய கீர்த்தனை ஒன்றை ஊரிலேயே பழகிக்கொண்டு போங்கள், தாளக்கருவி வேண்டாம்.

இயேசு சிலுவை சுமந்து போன வழியாக நினைவுகூரப்படும் சிலுவைப் பாதையைக் காலை ஆறு மணிக்குள் தொடங்கினால் கடைகள் திறந்திருக்காது, தெரு அமைதியாக இருக்கும். அதன் 14 நிலைகளில் கடைசி ஐந்தும், சிலுவையும் கல்லறையும் இருந்த இடம் என்று போற்றப்படும் கல்லறை ஆலயத்துக்குள் உள்ளன. "கல்வாரி மலை எங்கே?" என்று புதிதாக வருகிறவர்கள் அங்கே திகைப்பார்கள். ஊருக்கு நடுவில், இருட்டான, நெரிசலான ஆலயம். இயேசுவின் நாட்களில் அந்த இடம் நகர மதிலுக்கு வெளியே இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் கட்டிய புது மதில்தான் அதை உள்ளே சேர்த்தது. ஆலயத்துக்குள்ளேயே ஒரு மூலையில் முதல் நூற்றாண்டுக் கல்லறைக் குழிகளைப் பார்க்கலாம். ரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் கட்டிய ஆலயம் 335-இல் பிரதிஷ்டையானது. இன்று ஆறு சபைப் பிரிவுகள் அதைப் பங்கிட்டு வழிபடுகின்றன. வாசல் சாவிக்குப் பொறுப்பு இரண்டு முஸ்லிம் குடும்பங்கள்.

இயேசுவின் கல்லறை என்று வேறு சிலர் போற்றும் தோட்டக் கல்லறை மதிலுக்கு வடக்கே, நிழலும் பூச்செடிகளுமாக இருக்கிறது. கட்டணம் கிடையாது, ஞாயிறு விடுமுறை, திருவிருந்துக்கு முன்பதிவு வேண்டும். அந்தக் கல்லறை இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே வெட்டியது என்பது தொல்லியலாளர்கள் கருத்து. ஆனாலும் சுவிசேஷம் சொல்லும் காட்சியைக் கண்ணால் காண அதைப்போல் இடமில்லை. கத்தோலிக்கக் குழுக்கள் சில இதை விட்டுவிடுகின்றன, பெந்தெகொஸ்தே குழுக்கள் சில கல்லறை ஆலயத்தை விட்டுவிடுகின்றன. திட்டத்தில் இரண்டும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பழைய நகரத்தில் தொலைந்துபோவது எளிது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, ஒவ்வொரு இடத்திலும் கிளம்புமுன் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாங்களே சொல்லச் செய்யுங்கள். தலையை எண்ணுவதைவிட இது வேகம். பெரியவர் ஒருவருக்கு இளையவர் ஒருவர் துணை. பிரிந்துவிட்டால் தேடி அலையாமல் கடைசியாகக் கூடிய இடத்துக்கே திரும்பி வந்து நிற்க வேண்டும். இதைத் தினமும் காலையில் சொல்லுங்கள்.

திரும்பும்போது

யோர்தான் தண்ணீர், ஒலிவ எண்ணெய் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். இஸ்ரேலிலிருந்து பறக்கிறவர்கள் மூன்று மணி நேரம் முன்பே போய்விட வேண்டும், வெளியேறும்போதும் கேள்விகள் உண்டு.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு எருசலேம் பயணத்துக்கு அரசு மானியம் இருக்கிறது. ஒருவருக்கு 37,000 ரூபாய். கன்னியாஸ்திரிகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் 60,000 ரூபாய். பயணம் முடித்துத் திரும்பிய பிறகு வங்கிக் கணக்கில் வரும், ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. சிறுபான்மையினர் நலத்துறையின் அறிவிப்பைப் பார்த்து, விண்ணப்பப் படிவத்தைக் கிளம்புமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசா நகல், விமானச் சீட்டு, விமானத்தில் ஏறும்போது தரும் அட்டை, முகவரின் ரசீது எதையும் எறியாதீர்கள். போகும்போதே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுபோய், ஒவ்வொரு காகிதத்தையும் அன்றன்றே அதில் போட்டுவிடுங்கள். படங்களுக்கும் அன்றன்று இரவே இடத்தின் பெயரை எழுதிவைத்துவிடுங்கள். ஊருக்கு வந்து ஒரு வாரமானால் எந்த ஆலயம் எது என்று அடையாளம் தெரியாது.